மணிக்கு எவ்வளவு?

மாடம்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் ஒருவர் கையில் காபி டம்ளரோடு வாசலில் நிற்கிறார். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி வாங்கி அலுத்துப்போய், பெரிய சம்ப் ஒன்று கட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார். பக்கத்துத் தெரு மின்கம்பத்தில் தொங்கிய தகரப் பலகையில் பார்த்து வைத்திருந்த எண்ணை அழுத்துகிறார்.

"அண்ணே, ஒரு பள்ளம் எடுக்கணும். மணிக்கு எவ்வளவு?"

"எந்த ஏரியா சார்?"

"மாடம்பாக்கம் தான். பெரிய கோயில் கிட்ட."

"மினிமம் ரெண்டு மணி நேரம் சார். டிரைவர் பேட்டா தனி. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும்."

"கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கண்ணே."

"பாத்துக்கலாம் சார்."

அவ்வளவு தான். ஒப்பந்தம் முடிந்தது! எவ்வளவு ஆழம் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் எத்தனை அடியில் இருக்கிறது, எடுத்த மண் எங்கே போகும், பள்ளத்தில் யார் இறங்குவார்கள், அடியில் என்ன கேபிள் போகிறது... எதுவும் பேச்சில் வரவில்லை. எல்லாம் அந்த "பாத்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது.

தாம்பரம், பல்லாவரம், வேளச்சேரி, மேடவாக்கம் பக்கமெல்லாம் தினமும் காலையில் நடக்கும் பேச்சு இது. துணி வாங்கும்போது சாயம் போகுமா என்று கேட்பவர்கள், பாத்திரம் வாங்கும்போது தட்டிப் பார்ப்பவர்கள், பூமியைத் தோண்டும்போது மட்டும் மணிக் கணக்கைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. சிக்கல் எல்லாம் இந்தக் கேள்வியில் தான் ஆரம்பிக்கிறது.

வண்டியா, வேலையா?

முதலில் பெயரைக் கவனியுங்கள். செய்தித்தாளில் இது 'பொக்லைன் இயந்திரம்'. தெருவில் 'ஜே.சி.பி.'. சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்தால் 'ஹிட்டாச்சி'. மூன்றுமே கம்பெனிப் பெயர்கள். ஒன்று பிரான்ஸ், ஒன்று இங்கிலாந்து, ஒன்று ஜப்பான். ஜே.சி.பி. என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயரின் பெயர்ச் சுருக்கம். 1945-ல் அவர் தொடங்கிய கம்பெனி, 1979-ல் கூட்டு நிறுவனமாக இந்தியாவுக்கு வந்தது. இன்று மஞ்சள் நிறத்தில் மண் அள்ளும் எதைப் பார்த்தாலும் ஜே.சி.பி. தான்.

இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வண்டியின் பெயரே வேலையின் பெயராகிவிட்டது. "ஜே.சி.பி. சொல்லியாச்சா?" என்று தான் கேட்கிறார்கள். பள்ளம் எடுப்பது ஒரு தொழில், அதற்கு ஒரு அறிவு வேண்டும் என்ற நினைப்பே போய், ஆட்டோ கூப்பிடுவது போல வண்டி கூப்பிடுகிறார்கள். தேவை ஒரு வேலை. வாடகைக்கு எடுப்பதோ ஒரு வண்டி.

மணிக் கணக்கில் வண்டி எடுத்தால் என்ன ஆகும்? ஓட்டுபவர் மெதுவாக ஓட்டி நேரத்தை இழுப்பார் என்று தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையான ஆபத்து நேர் எதிரானது. வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறார். "தம்பி, சீக்கிரம் முடிப்பா, அடுத்த மணி நேரத்துல நுழைஞ்சிடப் போகுது." சீக்கிரம் முடிக்க வேண்டுமென்றால் பக்கங்களைச் சரிவாக வெட்டக் கூடாது, நேராக, செங்குத்தாக வெட்ட வேண்டும். மண்ணைத் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. ஓரத்திலேயே குவிக்க வேண்டும். குழாய் தட்டுப்படுகிறதா என்று நிறுத்திப் பார்க்கக் கூடாது. ஆக, பாதுகாப்புக்கு எதிரி கான்ட்ராக்டர் அல்ல. தான் கொடுக்கும் காசுக்குத் தானே காவல் நின்று, தன் வீட்டுப் பள்ளத்தை ஆபத்தாக்குபவர் வீட்டுக்காரர்!

காலுக்குக் கீழே இருப்பது ஒரே மண் அல்ல

"எந்த ஏரியா?" என்று கான்ட்ராக்டர் கேட்டது வண்டி எவ்வளவு தூரம் வர வேண்டும் என்பதற்காக. மண்ணுக்காகவும் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் தென் சென்னைப் புறநகரில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் பூமி அடியோடு மாறிவிடுகிறது.

பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கம் மண்ணுக்கடியில் கருங்கல் பாறை. உலகம் முழுவதும் நிலவியல் புத்தகங்களில் 'சார்னோக்கைட்' என்று படிக்கப்படும் பாறைக்கு மூல இடமே இந்த வட்டாரம் தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல்லும் இந்த வகைப் பாறை. அதை வைத்துத் தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார். இந்தப் பாறையை வெட்டி எடுத்த பழைய கல்குவாரிகள் இன்று குளங்களாக நிற்கின்றன. 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துத் தான் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

பாறைக்கு மேலே சில இடங்களில் செந்நிறச் சரளை. 1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவ மைதானத்தை ஒட்டிச் சரளை எடுக்கத் தோண்டிய ஒரு சின்னக் குழியில் தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்காலம் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியதே அந்தக் குழியில் இருந்து தான். இன்று அதே பல்லாவரத்தில் எத்தனை குழிகள், எத்தனை பக்கெட் மண்... யாராவது குனிந்து பார்க்கிறார்களா?

அங்கிருந்து கிழக்கே வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் போனால் களிமண்ணும் சதுப்பும். கோடையில் கல் போல இருக்கும், மழையில் கூழாகிவிடும். இன்னும் கிழக்கே கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் மணல். தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருக்கும். பல்லாவரத்துப் பாறையும் பள்ளிக்கரணைச் சேறும் ஈஞ்சம்பாக்கத்து மணலும் ஒரே மணிக் கணக்கில் அடங்குமா?

அடங்காது. அதனால் தான் பாதிப் பள்ளத்தில் அந்த வசனம் வருகிறது: "பாறை வந்துடுச்சு சார். பிரேக்கர் வண்டி போடணும். அது ரேட்டு வேற." வீட்டுக்காரர் கையில் பணம் இல்லை. பேரம் நடக்கிறது. வண்டி போய்விடுகிறது. பாதி தோண்டிய பள்ளம் இரண்டு வாரம், ஒரு மாதம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. பக்கத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்து பர்லாங் சாலை சொன்ன பாடம்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்த நாள். வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் ஒரு கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த, சுமார் 50 அடி ஆழப் பள்ளத்தின் ஓரம் சரிந்தது. ஓரத்தில் இருந்த கண்டெய்னர் அறை உள்ளே விழுந்தது. பக்கத்து எரிவாயு நிரப்பும் நிலையத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து போனது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். மோட்டார்கள் வைத்து இறைத்து, பேரிடர் மீட்புப் படை இறங்கித் தேடி, உள்ளே சிக்கிய இருவரின் உடல்களை எடுக்க டிசம்பர் 8 ஆனது. இறந்த இருவரில் ஒருவர் அந்தக் கட்டட வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவர். பக்கத்து நிலையத்தில் வேலை பார்த்த இளைஞர்.

"அது பெரிய கம்பெனி வேலை, 50 அடி. நம்ம வீட்டு சம்ப் ஏழடி தானே?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். மண் சரிந்து மனிதரைக் கொல்ல 50 அடி தேவையில்லை. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. நெஞ்சு வரை மண் மூடினால் போதும், தலை வெளியே இருந்தாலும் மூச்சு விட முடியாது. பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும் ஜே.சி.பி.யின் எடையோ ஏழு டன்னுக்கு மேல். அத்தனையும் அந்த ஓரத்து மண் மீது தான் அழுத்துகிறது.

இதற்கெல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைப்பு எப்போதோ விதி எழுதி வைத்திருக்கிறது. ஐ.எஸ். 3764 என்பது அதன் எண். முதலில் 1966-ல் வந்தது, 1992-ல் திருத்தப்பட்டது. அது சொல்வது சுருக்கமாக இது தான்: ஒன்றரை மீட்டருக்கு மேல், அதாவது ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சரிவாக வெட்ட வேண்டும். எடுத்த மண்ணை ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு தூரம் தள்ளிக் கொட்ட வேண்டும்.

இப்போது மாடம்பாக்கத்து வீட்டுக்கு வரலாம். அரை கிரவுண்டு மனை. முப்பதுக்கு நாற்பது அடி. வீடு போக மீதி இருப்பது முன்னால் ஒரு துண்டு. அதில் பத்தடி நீளம், எட்டடி அகலம், ஏழடி ஆழத்தில் சம்ப். ஓரத்திலிருந்து ஐந்தடி தள்ளி மண் கொட்ட இடம் எங்கே? கிடையாது. ஒன்று தெருவில் கொட்ட வேண்டும், அல்லது எடுக்க எடுக்க லாரியில் ஏற்ற வேண்டும். முன்கூட்டியே யோசித்திருந்தால் லாரி வந்திருக்கும். யோசிக்காததால் மண் ஓரத்தில் குவிகிறது. பள்ளத்தில் இறங்கி மட்டம் பார்க்கும் தொழிலாளியின் தலைக்கு மேலே!

சட்டம் பார்த்துக்கொள்ளுமா?

பார்த்துக்கொள்ளாது என்பது தான் உண்மை. 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், பத்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொந்த வீட்டு வேலையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் வந்த புதிய தொகுப்பிலும் சொந்த வீட்டுக்கான விலக்கு தொடர்கிறது. ஏழைபாழைகள் வீடு கட்டும்போது அதிகாரிகள் தொல்லை கொடுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் தான். ஆனால் அதன் மறுபக்கம் என்ன? சம்ப் பள்ளத்திலும் செப்டிக் டேங்க் பள்ளத்திலும் இறங்குபவரைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை.

வீட்டுக்காரர் மீதான நம்பிக்கையை அரசு கூட்டிக்கொண்டே போகிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர், விதிப்படி கட்டுவேன் என்று தானே சான்று கொடுத்து உடனடி அனுமதி வாங்கலாம். அலைச்சல் இல்லை, நல்லது தான். ஆனால் அந்தச் சான்றில் கையெழுத்து யாருடையது? ஜே.சி.பி. டிரைவருடையது அல்ல. தோண்டும் பள்ளத்துக்குப் பொறுப்பும் கையெழுத்துப் போட்டவருடையதே.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு. தன் நிலத்தின் மண்ணை அடுத்த நிலத்தின் மண் தாங்கி நிற்க வேண்டும் என்பது ஒருவரின் இயல்பான உரிமை என்று 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தச் சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. எல்லைக் கோடு நிலத்தின் மேலே தான் இருக்கிறது. மண்ணுக்கு எல்லைக் கோடு தெரியாது. தன் மனைக்குள் தான் தோண்டினேன் என்பது பதில் ஆகாது.

அந்த "பெரிய கோயில் கிட்ட" என்ற பேச்சை யாராவது கவனித்தார்களா? மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சோழர் காலக் கோயில். 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி இப்படிப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்க வேண்டும். பல்லாவரத்தில் பெருங்கற்காலச் சின்னங்களை ஒட்டியும் இதே நிலை தான். வீட்டுக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னது வழி காட்டுவதற்காக! கான்ட்ராக்டரும் அதை வழியாகவே எடுத்துக்கொண்டார்.

மண் எங்கே போகிறது?

மேலே சொன்ன சம்ப்புக்குக் கணக்குப் போட்டால் 560 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் ஐந்தரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. வெட்டிய மண் உப்பும். கால் பங்கு உப்பினாலே ஏழு யூனிட். இந்த ஏழு யூனிட் எங்கே போகிறது?

"அது எங்க பொறுப்பு சார், நாங்க எடுத்துட்டுப் போயிடறோம்" என்று சொன்னால் வீட்டுக்காரருக்குப் பெரிய நிம்மதி. நல்ல சரளை என்றால் இன்னொரு மனைக்கு விலைக்குப் போகும். மண்ணும் சரளையும் சிறு கனிமங்கள், அவற்றுக்கென்று 1959-ம் ஆண்டு முதல் விதிகள் இருக்கின்றன என்பதெல்லாம் அங்கே பேச்சில் வராது. களிமண்ணோ இடிபாடு கலந்த மண்ணோ என்றால் வாங்க ஆள் இல்லை. அது இருட்டிய பிறகு ஏரிக்கரைக்கோ கால்வாய்க்கோ காலி மனைக்கோ போகிறது.

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக வழிந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். அது தான் தண்ணீரின் வழி. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் பெருமைப்பட்டார்கள். அந்த வழியில் ஒவ்வொரு லோடாக மண்ணைக் கொட்டுபவர்களும் அதே எல்லோரில் இருந்து தான் வருகிறார்கள்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் இருந்து ஜனங்களைப் படகில் தான் மீட்டார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது? வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். மனைகளை மண் கொட்டி மேடாக்கினார்கள். ஒருவர் மேடாக்க, அடுத்தவர் பள்ளமானார். அடுத்தவரும் மேடாக்கினார். தெருவே பள்ளமானது. எங்கோ தோண்டிய மண் தான் இங்கே மேடு. தோண்டுவதற்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இடிபாடுகளைப் பதப்படுத்தச் சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நிலையங்கள் அமைத்திருக்கிறது. தாம்பரமும் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சி என்ற பலகை வந்தால் போதாது. வார்டுதோறும் இன்ன இடத்தில் மண் கொட்டலாம் என்று சொல்ல வேண்டியது அதன் கடமை. சொல்லும்வரை கேட்க வேண்டியது குடிமக்கள் கடமை.

சில சமாதானங்கள்

"கான்ட்ராக்டர் நம்ம ஊர்க்காரர் தான், தெரிஞ்சவர்" என்பார்கள். உள்ளூர்க்காரரைக் கூப்பிடுவது நல்லது தான். அந்தத் தெருவில் பாறை எத்தனை அடியில் வரும், கிணற்றில் தண்ணீர் எப்போது ஏறும் என்று அவருக்குத் தான் தெரியும். அதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், மணிக் கணக்கை மட்டும் கேட்டால் உள்ளூர்க்காரர் எதற்கு? அந்த விலைக்கு எந்த ஊர் வண்டியும் வரும்.

"இதெல்லாம் பண்ணினா செலவு ஏறும்." ஏறும். மறுப்பதற்கில்லை. ஆனால் ஏறும் செலவு லாரிக்கும் முட்டுப் பலகைக்கும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் விழுந்தால் வரும் செலவு எவ்வளவு? அந்தச் சுவருக்கு அடித்தளம் பெரும்பாலும் இரண்டு மூன்றடி தான். அதை ஒட்டி ஏழடி தோண்டினால் அது எதன் மீது நிற்கும்?

"ரெண்டு நாள் தானே, மூடிடுவோம்." திறந்து கிடக்கும் குழியைப் பற்றித் தமிழ்நாட்டுக்குப் பாடம் தேவையில்லை. ஆழ்துளைக் கிணறுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2010-லேயே வேலி, எச்சரிக்கைப் பலகை, மூடி என்று வழிமுறை வகுத்தது. இருந்தும் 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், மூடாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் குழி தோண்டி மீட்கப் பார்த்தார்கள். இயந்திரத்துக்குப் பாறை வழிவிடவில்லை. 29-ம் தேதி அதிகாலை உடல் தான் கிடைத்தது. அது தீபாவளி வாரம். ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒரு தீர்ப்பாவது இருக்கிறது. வீட்டு வாசல் சம்ப் பள்ளத்துக்கு வீட்டுக்காரரின் மனசாட்சி மட்டும் தான்.

கான்ட்ராக்டர்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் நியாயமில்லை. பலர் கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள். மாதத் தவணை காத்திருக்கிறது, டீசல் விலை காத்திருக்கிறது. ஒழுங்காக முட்டுக் கொடுத்து, லாரி வைத்து, நின்று நிதானமாக வேலை செய்யத் தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் எல்லோரும் மணிக் கணக்கை மட்டுமே ஒப்பிட்டால் அந்த நல்லவருக்கு வேலை கிடைக்குமா? விலை குறைத்துச் சொல்பவருக்குத் தான் கிடைக்கும். நல்லவரும் அடுத்த முறை முட்டுப் பலகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

கேட்க வேண்டியவை

ஒரு வெள்ளைத்தாள் போதும். இவற்றைக் கேட்டு, பதிலை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் ஆயிற்று.

1. நீளம், அகலம், ஆழம் என்ன? அந்த அளவுக்கு மொத்தம் எவ்வளவு? பாறை வந்தால் ரேட் என்ன? இது வண்டி வருவதற்கு முன் தெரிய வேண்டும்.

2. பக்கத்துச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? சுவரின் அடித்தளம் எத்தனை அடி? தோண்டும் முன் சுவரை நாலு பக்கமும் படம் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்றா?

3. அடியில் என்ன போகிறது? மின்சாரம், குடிநீர், கழிவுநீர், தொலைபேசி. அமெரிக்காவில் 2007 முதல் தோண்டும் முன் 811 என்ற எண்ணைக் கூப்பிட்டால் கம்பெனிக்காரர்கள் வந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகிறார்கள். இந்தியாவிலும் 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலி வந்தது. குறைந்தபட்சம் மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கலாமே.

4. ஐந்தடிக்குக் கீழே ஆள் இறங்குவாரா? இறங்கினால் முட்டா, சரிவா? ஏணி எங்கே?

5. மண் எந்த இடத்துக்குப் போகிறது? ஊர்ப் பெயரோடு எழுத வேண்டும்.

6. வண்டிக்கு இன்சூரன்ஸ், ஓட்டுநருக்கு லைசென்ஸ் இருக்கிறதா?

7. பள்ளம் எந்தத் தேதியில் மூடப்படும்? அதுவரை சுற்றித் தடுப்பு யார் போடுவது? வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தோண்டித் தான் ஆக வேண்டுமா?

இந்த ஏழில் ஒன்றுக்குக்கூடப் பொறியியல் பட்டம் தேவையில்லை. காபி ஆறுவதற்குள் கேட்டு முடித்துவிடலாம்.

கையால் மண் வெட்டிய காலத்தில், குளமோ கிணறோ வெட்டும்போது நடுவில் ஒரு மண் திட்டை மட்டும் வெட்டாமல் விட்டு வைப்பார்கள். வேலை முடிந்ததும் வெட்டியவரும் வெட்டச் சொன்னவரும் சேர்ந்து நின்று, அந்தத் திட்டின் உயரத்தை அளந்து கூலி பேசுவார்கள். பழைய தரை எங்கே இருந்தது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. கூலிக் கணக்கு ஆழத்தில் இருந்ததால், ஆழத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசித் தான் ஆக வேண்டும்.

இன்று சாட்சி வண்டியில் இருக்கும் ஹவர் மீட்டர். எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. பக்கத்துச் சுவரைத் தெரியாது. ஏரியைத் தெரியாது. பள்ளத்தில் இறங்கியவர் ஏறி வந்தாரா என்றும் தெரியாது. அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவர் தொலைபேசியில் பேசுபவர் தான். நாளைக் காலையும் தாம்பரத்தில் எங்கோ ஒரு வாசலில் இருந்து அந்த எண்ணுக்கு அழைப்பு போகும். முதல் கேள்வி மட்டும் மாறட்டும்.

"அண்ணே, ஏழடிப் பள்ளம். பக்கத்துல சுவர் இருக்கு. எப்படி எடுப்பீங்க?"

விலை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.